முதல்ல யார் போறது

"கதவுப் பக்கம் யாரும் போகாதீங்க. ஜன்னல்... ஜன்னல் வழியா..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். யாரை முதலில் அனுப்புவது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் எதிராளிகள் கதவைத் திறந்துகொண்டு வந்து அவளுடைய ஆட்கள் மூன்று பேரையும் சுட்டுச் சாய்த்தார்கள். கடைசியாக அவளையும். திரை சாம்பல் நிறமானது.

"பரவாயில்லக்கா," என்றார் டாக்ஸிக்காரர் ஹெட்போனுக்குள். "சாகறது நமக்கென்ன புதுசா?"

"நானாவது ஓடிப் போய்ச் செத்தேன். வாத்தியார் உட்கார்ந்த இடத்துலயே செத்துட்டாரு," என்றான் பேக்கரிக்காரன்.

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன்யா," என்றார் கணக்கு வாத்தியார்.

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தலையணைகளில் சாய்ந்து கிடந்த தம்பி, வெள்ளைப் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டினான். 'பேசு'.

"பேசிக்கிட்டுத்தானேடா இருக்கேன்."

அவன் மூக்கால் சிரித்தான். தொண்டையில் கத்தி வைத்த பிறகு அவனுக்கு மிச்சமிருந்த சிரிப்பு அதுதான்.

பத்து பேர் பேச வேண்டியதை ஒற்றை ஆளாகப் பேசிக்கொண்டிருந்தவன் அவன். பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. வீடு வந்து கை கழுவினால் இந்த விளையாட்டு. நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத மூன்று பேரை வைத்துக்கொண்டு, 'நீ புகை போடு, நீ பின்னாடி பாரு, இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம், இப்போ' என்று அவன் போடும் சத்தத்தில் அவள் சமையலறையில் பாதித் தாளிப்பைக் கருக்கியிருக்கிறாள். அவர்களுக்கு அவன் கேப்டன். தொண்டைப் புற்றுநோய்க்குச் செய்த ஆபரேஷனில் குரல் போனது. போன நோய் நுரையீரலுக்குள் திரும்பி வந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்கறதைக் கொடுங்க," என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவன் கேட்டது இதைத்தான். தன் இடத்தில் அக்கா உட்கார வேண்டும்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. துணி ஆலையில் வெட்டுப் பிரிவில் நின்று, மேஸ்திரி போடு என்றால் போட்டு, எடு என்றால் எடுத்தே தலை நரைத்தவள். யாரையும் ஏவிப் பழக்கமில்லை. "அந்த மூணு பேர்ல ஒருத்தர் பார்த்துக்கட்டுமே," என்றாள். டாக்ஸிக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம், பேக்கரிக்காரனுக்கு மேப் பார்க்கத் தெரியாது, வாத்தியார் முடிவெடுப்பதற்குள் விளையாட்டே முடிந்துவிடும் என்று அவன் எழுதிக் காட்டினான். "நீ இல்லாம எனக்கு எதுக்குடா இது?" என்று அவள் கேட்டபோது மட்டும் எழுதாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்படித்தான் கற்றுக்கொண்டாள். முதல் நாள் புகைக்குண்டைத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டாள். "அக்கா, கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்றான் பேக்கரிக்காரன். தலைவி சுட வேண்டியதில்லை, பார்க்க வேண்டும் என்பது மெல்லப் பிடிபட்டது. யார் எங்கே நிற்கிறார், யாரிடம் குண்டு தீர்ந்தது, எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது. அதெல்லாம் வந்துவிட்டது. ஒன்றுதான் வரவே இல்லை. உள்ளே முதலில் நுழைகிறவன் பெரும்பாலும் சாவான். அது தெரிந்தே ஒருவரை அனுப்ப வேண்டும். இப்போது தோற்ற ஆட்டமும் அதில்தான் போனது.

"என்னால முடியலடா. போய்ச் சாவுன்னு ஒருத்தர் பேரை எப்படிச் சொல்றது?"

அவன் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினான். 'அனுப்பலைன்னா எல்லாருமே சாவாங்க.'

அன்று மத்தியானம் அவன் கஞ்சியைத் தொடவில்லை. விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. "இன்னிக்கு வேண்டாம்டா, உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்," என்றதற்குத் திரையை நோக்கிக் கையை ஆட்டினான். ஆட்டிய கை போர்வைமேல் விழுந்தது. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். எதிராளிகளின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக ஹெட்போனை இரண்டு காதிலும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இந்தத் தடவை மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் நகர்வது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. மேலே ஒருவன் மூச்சடக்கி நிற்பதைக்கூட ஊகித்தாள்.

"வாத்தியாரே, படிக்கட்டுல புகை. பேக்கரி, பின்பக்கம் யாரையும் விடாதே." திரையில் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். "டாக்ஸி அண்ணே, நீங்க முதல்ல போங்க."

"போறேன்," என்றார் அவர். போனார். விழுந்தார். அவர் விழுந்த திசையை வைத்து மற்றவர்கள் ஆளைக் கண்டுகொண்டார்கள். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக, எல்லாம் முடிந்தது.

"ஜெயிச்சுட்டோம்! அக்கா, ஜெயிச்சுட்டோம்! கேப்டன் என்ன சொல்றான்?"

சிரித்துக்கொண்டே திரும்பினாள். அவன் கண்கள் பாதி திறந்து அவளுடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மார்பு அசையவில்லை. பலகை சரிந்து தரையில் கிடந்தது. விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

"அக்கா? மைக் போச்சா?"

அவள் பலகையை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். "மூணு பேரும் இங்க வர முடியுமா?"

மறுநாள் காலையில் வந்தார்கள். குரலை வைத்து அவள் நினைத்திருந்த மாதிரி ஒருவரும் இல்லை. டாக்ஸிக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், தலை முழுக்க வழுக்கை. பேக்கரிக்காரன் ஒல்லிக்குச்சி. வாத்தியார் சட்டைப் பொத்தான்களைத் தப்பாகப் போட்டிருந்தார். மூவரும் கட்டிலைப் பார்த்தார்கள். அப்புறம் ஓரத்தில் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார்கள்.

கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டிக்கொண்டது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தூக்கு, சாய், பின்னாடி வா. வாத்தியாரின் பிடி நழுவியது. தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"எல்லாரும் பேசாதீங்க," என்றாள் அவள். "டாக்ஸி அண்ணே, கால் பக்கம் நீங்க முதல்ல இறங்குங்க. வாத்தியாரே, கைப்பிடிமேல ஏத்திப் பிடிங்க. பேக்கரி, தலையை விட்றாதே. இப்ப வேண்டாம்." காத்திருந்தாள். "இப்போ."

ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் இறங்கினார்கள்.

கீழே அமரர் ஊர்தியில் ஏற்றிய பிறகு பேக்கரிக்காரன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இனிமே அதைத் திறக்கவே கை வராதுக்கா," என்றான். வாத்தியார், "பார்க்கலாம், பார்க்கலாம்," என்றார். டாக்ஸிக்காரர் தன் காரை எடுக்கப் போனார். இன்றைக்குப் பிறகு இவர்களைப் பார்க்கப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவர்கள் மேல் வருத்தம் வரவில்லை.

வண்டிக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடு பள்ளங்களில் அவன் குலுங்காமல் இருக்க ஸ்ட்ரெச்சரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"மயானத்துக்கு எந்த வழியாம்மா போகட்டும்? இப்படிப் போனா கிட்ட, ஆனா கூட்டமா இருக்கும். அப்படிப் போனா சுத்து."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது.

டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுற்று வழியிலேயே வண்டியைத் திருப்பினார்.