கம்பிச் சட்டம்

அப்பாவின் வலதுகை விரல்களை அவள் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள். விட்டதும், எதையோ பிடித்திருப்பதுபோல் அவை மறுபடி மடங்கிக்கொண்டன.

“விட்டுருடி. உயிரோட இருந்தப்பவே சொன்னதைக் கேக்காத மனுஷன்” என்றாள் அத்தை. அண்ணனைப் பறிகொடுத்து அழுது முடித்திருந்த குரல்.

அப்பாவின் மகன், அவளுடைய அண்ணன், அறை வாசலில் நின்றான். காலையிலும் அங்கேதான் நின்றான். அப்பாவோடு பல வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, உடம்பு மோசம் என்று கேட்டு வந்தவன் அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. உயிர் பிரிவதற்குச் சற்று முன் அப்பா கையைத் தூக்கினார். நேராகக் கீழே இறக்கி, தன் பக்கமாக மெல்ல இழுத்தார். மறுபடியும் அதையே செய்தார்.

“என்னைத்தானே கூப்பிட்டாரு?” என்றான் அண்ணன். “நான்தான் போகல.”

அவளுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது.

அப்பா பிரெஞ்சுக் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கடைசியாகச் செய்தது ஒரு சீஸ் ஆலைக்கு. ஒரு கருவியின் பெயரை எழுதுவதற்கு முன், அதைப் பிடித்து வேலை செய்பவன்போல் கையை அசைத்துப் பார்ப்பார். கை ஒத்துக்கொண்டால்தான் பேனாவைத் திறப்பார். சாப்பாட்டு மேஜையிலும் நடக்கும், பஸ்ஸிலும் நடக்கும். “கொசு அடிக்கிறியா, தாளம் போடுறியா?” என்பாள் அத்தை. கிண்டும் துடுப்பு என்றால் தோள் அசையும். அகப்பை என்றால் மணிக்கட்டு. கூடவே இருந்த மகளுக்கு எல்லாம் அத்துப்படி. இன்று காலை பார்த்த அசைவு மட்டும் புதிது.

வாசல் மணி அடித்தது. ஆலை மேஸ்திரி, கையில் பழைய போர்வை சுற்றிய ஏதோ ஒன்று. வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“தெரியாம வந்துட்டேம்மா. சார் இதை நேர்ல பாக்கணும்னார். நான் அப்புறமா…”

“உள்ள வாங்க” என்று சமையலறைக்கு அழைத்துப் போனாள். “பிரிச்சுக் காட்டுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

நீளமான பிடி. அதன் நுனியில் நெடுக மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டிய செவ்வகச் சட்டம்.

“உறைஞ்ச பாலைத் துண்டு போடறது. பழைய கையேட்டுல கத்தின்னு போட்டுட்டான். கத்தின்னா நம்ம பசங்க என்ன செய்வாங்க? அழுத்தினாங்க. தொட்டிப் பால் அத்தனையும் கூழாப் போச்சு. நேத்துதான் பிரான்ஸ்லேருந்து ஆள் வந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். உடனே சாருக்குப் போன் போட்டேன். குரலே வரல. ஆனாலும், ‘அழுத்தாம இழுக்கணுமா?’ன்னு ரெண்டு தடவை கேட்டாரும்மா.”

“எப்படி இழுக்கணும்?”

மேஸ்திரி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சட்டத்தைத் தூக்கினார். நேராகக் கீழே இறக்கி, தன் பக்கமாக மெல்ல இழுத்தார்.

“இன்னொரு தடவை” என்றாள்.

இழுத்தார். அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம். சரியான சொல் கிடைத்துவிட்டால் பக்கத்து அறையிலிருந்து அப்பா “ஆங்!” என்பாரே, அந்தச் சந்தோஷம். உடனே வெட்கமாகவும் இருந்தது.

திரும்பினாள். அண்ணன் காலித் தம்ளரோடு நின்றிருந்தான். தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறான். சட்டத்தை அவன் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

“நீயாவது சொல்லேன். கூப்பிட்டாருதானே?”

மேஸ்திரி சட்டத்தை இறக்கி, சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்தார்.

தம்ளரை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை நின்றாள்.

“ம். கூப்பிட்டாரு” என்றாள். “இப்பப் போய்ப் பக்கத்துல உக்காரு, போ.”

அவன் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “அப்போ இதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா போடறது?”

சட்டத்தை எடுத்துப் பார்த்தாள். நினைத்ததைவிடக் கனம்.

“எந்தக் கையை மேல வைக்கணும்?” என்று கேட்டாள்.

அப்பா கிடந்த அறையில் ஒரு நாற்காலியைக் கட்டிலை நோக்கி நகர்த்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் வந்து நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம்.