ருசி பார்க்கிறவள்

சாப்பாட்டு மேஜை மேல் அவள் ஆறு சின்னக் குப்பிகளை வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கால் கெஞ்சியது. ஆறிலும் தேன். கம்பெனியில் அன்று வந்திறங்கிய ஆறு டிரம்மிலிருந்து எடுத்தது. எது பாட்டிலுக்குப் போகலாம், எது திரும்பிப் போகவேண்டும் என்று நாளைக் காலை அவள் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. ஈரப்பதம் அளக்க மெஷின் வந்த பிறகும், கடைசியில் "அக்கா வாயில வெச்சுச் சொல்லட்டும்" என்றுதான் மேனேஜர் சொல்வார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இருமல், தொண்டைக் கரகரப்பு, தீப்புண் என்று தேன் எதற்கெல்லாம் நல்லது எனப் பாட்டிலில் ஒட்டுகிற தாளில் வரிசையாக அச்சடித்திருப்பார்கள். காய்ச்சலில் அவளும் வெந்நீரில் கலந்து குடித்தவள்தான். செத்த நாக்குக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நிறத்தையும், கரண்டியிலிருந்து இறங்குகிற விதத்தையும் பார்த்தே நாளைத் தள்ளினாள். போன வாரம் அவள் சரியென்று அனுப்பிய டிரம் ஒன்று நுரைத்துப் புளித்துத் திரும்பி வந்தது. "நீங்களா அக்கா இதை சரின்னீங்க?" என்று மட்டும் கேட்டார் மேனேஜர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கணவன் பஸ் ஓட்டிவிட்டு வர எட்டு மணியாகும். வீட்டில் நாத்தனார் மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்ற அன்று, "எத்தனை நாளைக்கு?" என்று இவள் கேட்டுவிட்டாள். அதிலிருந்து எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான் போகும், வரும்.

"கொஞ்சம் வந்து இதை வாயில வெச்சுப் பாரேன்" என்று இவளே முதலில் கூப்பிட்டாள்.

நாத்தனார் கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளித்துக்கொண்டு முதல் நாலையும் ருசித்தாள்.

"முதல் ரெண்டும் நல்லாருக்கு, நல்ல தேனுக்கே உள்ள மாதிரி தொண்டையில லேசாக் காந்துது. மூணாவது சர்க்கரைப் பாகு மாதிரி, இனிப்பு நிக்கவே இல்ல. நாலாவது புளிக்க ஆரம்பிச்சிருச்சு."

இவள் பென்சிலால் எழுதிக்கொண்டாள். "எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"எனக்குத் தெரியும் அண்ணி. ரெண்டு மாசமா உங்க சமையல்ல ஒரு நாள் உப்பு கரிக்குது, ஒரு நாள் உப்பே இல்ல. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் நான்தான் சரி பண்ணி வெக்கிறேன். அண்ணனுக்குத் தெரியாது."

 இவள் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

நாத்தனார் கரண்டியைத் துடைத்து வைத்தாள். "டாக்டர் என்ன சொல்றார்?" என்றாள்.

"வரலாம், வராமலும் போகலாமாம்."

நாத்தனார் ஐந்தாவது குப்பியைத் திறந்து சாய்த்தாள். தேன் மெல்லிய நூலாகக் கரண்டியில் இறங்கியது. வாயில் வைத்ததும் புருவம் சுருங்கி, மெதுவாக விரிந்து, மறுபடி சுருங்கியது. அந்த முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், பென்சிலைத் தாளில் ஊன்றியபடி இவள் காத்திருந்தாள்.