காலுக்கு விட்ட இடம்

மெஷின் பாட்டு செய்கிற ஓம்கார் கணினியில் பாட்டைப் போட்டான். எட்டு எண்ணுவதற்குள் எனக்கு உடம்பு எரிந்தது. அடித்தது என் கைதான், மேளம் என் டோல்கிதான். ஆனால் மூச்சு விடாமல் ஓடியது, வாஷி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும்போது மேஸ்திரி எங்களை விரட்டுகிற மாதிரி.

"நடுவுல இருந்த இடமெல்லாம் எங்கடா?"

"எந்த இடம், மாமா?"

"நான் அடிக்காம விட்ட இடம்."

"அதுவா? சும்மா கெடந்துச்சு, வெட்டிட்டேன். இப்ப பாருங்க, எப்டி பறக்குதுன்னு."

லாவணி ஆட்டத்தில் டோல்கி கேள்வி கேட்கும். ஆடுகிறவளின் சலங்கை பதில் சொல்லும். பதில் வரும்வரை டோல்கிக்காரன் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு கையை அந்தரத்தில் வைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வனமாலாவின் காலைப் பார்த்தே வாசித்தவன் நான். போன மாதம் ஒலிப்பதிவுக்கு ஓம்கார் என்னை மட்டும் கூப்பிட்டான். அவளையும் கூட்டிப்போகாதது என் தப்பு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவள் காலை நினைத்து, அதற்கு இடம் விட்டு விட்டு வாசித்தேன். அந்த இடத்தைத்தான் இந்தப் பயல் குப்பை மாதிரி கூட்டித் தள்ளியிருக்கிறான்.

"பழசு இருக்கும்ல? அதைப் போடு."

"அழிச்சிட்டேன் மாமா. கம்ப்யூட்டர்ல எடம் பத்தல."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு பரேல் மண்டபத்தில் கணபதி விழா நிகழ்ச்சி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதம் கழித்து வனமாலா மேடை ஏறுகிறாள். ஒத்திகையில் அந்தப் பாட்டுக்கு இரண்டு சுற்று ஆடியதும் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கமிட்டிச் செயலாளர் சாவந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடியலன்னா சொல்லிடுங்க தாயி. கோலாப்பூர் பொண்ணு ரெடியா நிக்கிறா, மெஷினுக்கு ஆடியே பழகினவ. வருஷா வருஷம் அவளையே வச்சுக்கிறோம்."

வனமாலா சலங்கையை அவிழ்க்கவில்லை.

"தாளம் கரெக்டாதான் இருக்கு மாமா," என்றான் ஓம்கார்.

"கரெக்டா இருந்து என்னடா செய்ய? ஆடுறவளுக்கு நிக்க எடமில்ல. லாரி பின்னாடி ஓடுற மாதிரி ஓடுறா. அதை நிறுத்து, நான் வாசிக்கிறேன்."

"மெஷின் இல்லாம முடியாது," என்றார் சாவந்த். "போஸ்டர்ல மெஷின் பாட்டுன்னு போட்டாச்சு."

"போஸ்டரா ஆடப்போகுது?"

வனமாலா ஓம்காரின் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "தம்பி, கீழ கெடக்குதே, அது என்ன?"

"பெடல், தாயி. மிதிச்சா சத்தம் வரும்."

"இதை மிதிச்சா உன் பாட்டுல ஒரு சுத்து மட்டும் வருமா?"

"வர வைக்கலாம். ஒரு சுத்து ஓடி நின்னுடும்."

"மறுபடி மிதிச்சா?"

"மறுபடி ஓடும். ஆனா நீங்க எப்ப மிதிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே."

"உனக்கு எதுக்குத் தெரியணும்?"

மேடை நடுவில் பெடலை வைத்து ஒயரை ஒட்டினோம். நான் ஓம்காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிகழ்ச்சி தொடங்கியது. வனமாலாவின் முதல் மிதிக்கு மெஷின் ஒரு சுற்று இரைந்து நின்றது. நின்ற இடத்தில் நான் டோல்கியால் கேட்டேன். அவள் சலங்கையால் பதில் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள்.

நாலாவது சுற்று முடிந்ததும் காலைத் தூக்கினாள், இறக்கவில்லை. மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. ஓரத்திலிருந்து சாவந்த் கையை ஆட்டினார். ஓம்காரின் விரல் பாட்டை ஓட்டுகிற பொத்தானுக்குப் போனது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். மூட்டை தூக்குகிற கை, பிடித்தால் அசையாது.

"தாயி மறந்துட்டாங்க மாமா."

"மறக்கல. காலைப் பாரு."

"எவ்ளோ நேரம்?"

"அவ எறக்குற வரைக்கும்."

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். பிறகு நூறு விசில். இன்னும் இறக்கவில்லை. முழங்கால் நடுங்குவது எனக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம்தான் மிதித்தாள். மெஷின் இரைந்தது; கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

முடிந்ததும் சாவந்த் வந்து, தாதர் விழாவுக்கும் நீங்கதான் தாயி என்றார். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஓம்கார் மணிக்கட்டைத் தடவினான். "வலிக்குது மாமா."

"வலிக்கட்டும்," என்றேன்.