இரண்டாம் ஓலையில் ஒரு மோட்டார் சைக்கிள்

"முன் சக்கரமும் இழுக்குமாம்ல! எதுக்குலே? பின் சக்கரத்துக்குக் கையி காலு விளங்கலையா?"

மாதா கோயில் சாமியார் பங்களாவில் பிலவேந்திரன் போட்ட சத்தம் மார்க்கையன்கோட்டை கடைவீதி வரை கேட்டது. மெழுகுவத்தி வாங்கும் சாக்கில் நானும் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

அவர் மகள் ஜெசிந்தாவுக்கும் மயிலாடும்பாறை சகாய பிரவீனுக்கும் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் மூன்றாம் ஓலைக்குள் சாமியாரிடம் சொல்லலாம். ஏற்கெனவே கட்டிக்கொண்டவன், நெருங்கிய இரத்த உறவு என்றுதான் சொல்வார்கள். பிலவேந்திரன் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளைச் சொன்னார்.

"மாமா, மலையில இலவந்தோட்டம். மழ பேஞ்சா பாத பூரா சேறு. சாதா வண்டின்னா பின் சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கும். இது முன்னாலயும் இழுத்து ஏறிரும்" என்றார் பிரவீன்.

"விழுந்தா தூக்க நாலு ஆளு வேணும். பார்ட்ஸு தேனியில கெடைக்காது. ரோட்டுல முப்பதத் தாண்டாது!"

சாமியார் படித்த திருச்சபைச் சட்டத்தில் இதற்குப் பக்கமே இல்லை. "ஏறி உக்காந்து பாத்துட்டு வாங்க" என்று பிலவேந்திரனையே பிரவீனுக்குப் பின்னால் ஏற்றி அனுப்பினார்.

ஆற்றங்கரைச் சேற்றில் வண்டி வெகு நிதானமாக ஏறியது. பிலவேந்திரனின் வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தார்ச்சாலைதான் மானத்தை வாங்கியது. சின்னமனூர் போய்த் திரும்புவதற்குள் கோழிக்கூண்டு கட்டிய மொபெட் முந்தியது. பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள் இரண்டு தடவை முந்தியது. நடுவில் பிள்ளை மிட்டாய் வாங்க நின்றிருந்ததாம்.

"பாத்தீகளா சாமி! இதுல எம்மக மறுவீடு வந்து சேர்றதுக்குள்ள பேரனுக்குப் பத்து வயசாகிப் புதுநன்மையே ஆயிரும்!"

அப்பாவோடு வந்திருந்த ஜெசிந்தா வாய் திறந்தாள். "ஏப்பா, அக்காவக் கட்டுன சேவியர் அத்தான் வேகமான வண்டிதான வச்சிருக்காக? வருசத்துக்கு ரெண்டு தடவ மாவுக்கட்டோட நம்ம வீட்டுலதான கெடக்காக? கஞ்சி ஊத்துறது நாந்தான? எனக்கு விழாத மாப்ள போதும்."

அந்த நேரம்கூட சேவியர் இடது காலைத் தலையணைமேல் வைத்து மாமனார் வீட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடை வாபஸ். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை, மறுமாதம் கல்யாணம். பிரவீனும் ஜெசிந்தாவும் மலைமேல் தோட்டத்து வீட்டுக்கே போய்விட்டார்கள். கஞ்சி ஊற்ற ஆளில்லாத சேவியர், மனைவியோடு அல்லிநகரத்தில் எலும்பு ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டில் குடியேறிவிட்டார்.