மீதி நான்கு கிலோ

அந்த வருடம் எடை முத்திரை ஆய்வாளர் வீட்டுக் கொல்லையில் காய்த்த கொய்யாப்பழங்களுக்கு எடை இல்லை. ஏதோ ஒன்றிரண்டு பழத்துக்கு அல்ல, இரண்டு மரத்திலும் காய்த்த நாலாயிரம் சொச்சம் பழத்துக்கும் இல்லை. நிறம், மணம், விதை, உள்ளே சிவப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. காம்பு விட்ட பழம் கீழே விழாமல் விட்ட இடத்திலேயே நின்றது, காற்றடித்தால் மெல்ல நகர்ந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் அந்த வீட்டுக்காரரின் உத்தியோகம். ஊரே அவரை 'முத்திரை' என்றுதான் கூப்பிடும். அப்படிப்பட்டவர் வீட்டில் எடை விஷயத்தில் பொய் புழங்க வழியில்லை. முத்திரை முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். நான்கு தராசுகளில் நிறுத்துப் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். கருவிகள் மட்டுமே துறையின் பொறுப்பு, பழங்கள் அல்ல என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

பழத்தைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு உண்மையில் நேரம் இல்லை. கூடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அக்கா கல்லூரி விடுதியில் தலைமைச் சமையல்காரி, இருபத்தாறு வருடம் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவள். அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவப் போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் தம்பி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று வந்த அக்கா, கூடத்து மர நாற்காலியில் உட்கார்ந்தாள், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை, அழவும் இல்லை. ஆள் குச்சி மாதிரி, பார்த்தால் நாற்பது கிலோ தேறமாட்டாள். ஆனால் நாளுக்கு நாள் அவள் கனத்துக்கொண்டே போனாள். முதல் மாதம் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்க முடிந்தது. முத்திரை மூட்டை எடை போடும் மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். முள் நூற்றுப் பத்தில் நின்றது. அப்போதே அவளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அப்போது ஒருவரும் கேட்கவில்லை. ஏழாவது மாதம் முள் முந்நூற்று எண்பதைத் தொட்டது. எட்டுப் பேர் பிடித்தும் நாற்காலி அசையவில்லை. குளிப்பது முதலான மற்ற விஷயங்களை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

கூடத்துத் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. நாற்காலி நின்றது அதன் சிமெண்டு மூடிப் பலகையின் நட்ட நடுவில். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார், விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார், முத்திரையை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நானூறு வரைக்கும் தாங்கும் சார். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல." கீழே பத்தடித் தண்ணீர். முன்பிருந்த வேகம் குறைந்திருந்தாலும் இன்னும் வாரத்துக்கு நான்கைந்து கிலோ ஏறிக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் நானூறு வந்துவிடும் என்று முத்திரைக்கு விரல் மடக்காமலே தெரிந்தது. அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவள். அவருக்கு ராத்தூக்கம் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் பழங்கள் பழுத்தன. முத்திரையின் மூளை முத்திரையின் மூளையாகவே வேலை செய்தது. இந்தப் பக்கம் எடை கூடிப்போன அக்கா, அந்தப் பக்கம் எடையே இல்லாத பழம். இதைத் தின்றால் அது குறைய வேண்டியதுதானே? காலையில் பத்து, மாலையில் பத்து என்று தோல் சீவி ஊட்டினார். ஊட்டும் முன்னும் பின்னும் முள்ளைப் பார்த்தார். மருந்து வீணாகக் கூடாது என்பதால் ஒரு பழம்கூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். கொல்லைக்கு மேலே மீன் வலை கட்டினார். அக்கா கொடுத்ததைத் தின்றாள். முள் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

வலைக்குள் நிறைந்த பழங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தன. உத்தரத்தில் முட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. விளக்குப் போட வேண்டுமென்றால் நாலு பழத்தைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் சுவிட்சைத் தேட வேண்டும். குளியலறையில் தலை துவட்டினால் துண்டுக்குள் ஒன்று வந்து சிக்கும். நன்றாகக் கனிந்தவை உயரத்தில் நின்றபடியே கசிய ஆரம்பித்தன. வாசனை தெருமுனை வரை போயிற்று. தெருவில் இருந்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, வாயில் வசவும் வந்தது. கஞ்சப்பய, நாலாயிரம் பழத்தை வைத்துக்கொண்டு ஒன்று நீட்ட மனசில்லை என்றார்கள். மளிகைக் கடைக்காரர் மட்டும் அக்காவைப் பார்த்துவிட்டுப் போக உள்ளே வந்தார். முத்திரை ஊட்டுவதையும் முள்ளைப் பார்ப்பதையும் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டு நின்றார். வருடா வருடம் தன் தராசில் குற்றம் கண்டுபிடிக்கும் மனிதரிடம் அவர் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சைபரக் கூட்டினா எப்படி சார் குறையும்?"

முத்திரை பாதி சீவின பழத்தையும் கத்தியையும் தட்டில் வைத்தார். இருபது வருடம் எடையிலேயே ஊறியவருக்கு இது தோன்றவே இல்லை. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அன்று அவர் அலுவலகத்துக்குப் போகவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து கையாலாகாமல் அழுதார். முள் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்றில் இருந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. அழுகிற புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், தலைக்கு மேலே கசிந்துகொண்டிருந்த பழங்களை ஒரு பார்வை பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கூடைப் பழத்தைப் பிடித்துவந்து ஜாம் கிண்டுவதற்காக நறுக்க உட்கார்ந்தாள். அதற்குமுன் அவள் ஜாம் செய்ததில்லை. ஒரு துண்டு முக்கோணம், ஒரு துண்டு பிறை, ஒன்று தடிமன், ஒன்று இழை என்று படம் வரைகிற கை தோன்றியபடி வெட்டித் தள்ளியது. கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும். அரை மணி நேரம் ஆயிற்று.

"அப்படி வெட்டாத."

ஆசிரியை திரும்பிப் பார்த்தாள். முத்திரை படியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். ஏழு மாதத்தில் அக்கா பேசிய முதல் வார்த்தை அது.

"ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. கண்ணால பார்க்க முடியல. கத்திய இங்க கொண்டா."

கத்தி போயிற்று. வெட்டுப் பலகை போயிற்று. கூடை போயிற்று. அக்கா மடியில் பலகையை வைத்துக்கொண்டு நறுக்கினாள். எல்லாத் துண்டும் ஒரே அச்சு. பிறகு அடுப்பைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள். விடுதியிலிருந்து தன்னுடைய பெரிய அண்டாவையும் நீளக் கரண்டியையும் வாங்கிவரச் சொன்னாள். இருபத்தைந்து கிலோ சர்க்கரையும் பத்து எலுமிச்சையும் கேட்டாள். முத்திரை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அடுப்பு, அண்டா, சர்க்கரை மூட்டை, கிண்டுவதற்கு ஒத்தாசையாக நிற்கும் மனைவி எல்லாம் அதே தொட்டிப் பலகைமேல். மனைவியை ஓரமாக இழுத்துப்போய், கொத்தனார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. உங்க அக்கா ஏழு மாசம் கழிச்சு வாயத் தொறந்திருக்காங்க. தரை போனா போகட்டும், நானும் சேர்ந்து போறேன். நீங்க போய் மூட்டையத் தூக்கிட்டு வாங்க."

அவர் மூட்டையைத் தூக்கிவந்தார். இறக்கி வைத்தபோது விரிசல் வாசற்படி வரை ஓடியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அக்கா எலுமிச்சையை உருட்டிக்கொண்டே, "பார்த்துட்டு நின்னா அடி பிடிக்கும்" என்றாள்.

முதல் நாள் ஐம்பது பாட்டில் ஜாம் ஆயிற்று. பழத்தோடு சேர்ந்ததும் சர்க்கரையும் எடையை விட்டுவிட்டது. ஆகையால் நிறைந்த பாட்டிலும் காலிப் பாட்டிலும் கைக்கு ஒன்றுபோலவே இருந்தன, கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பாட்டில்களைப் பரணில் அடுக்கப் போன தம்பியை அக்கா நிறுத்தினாள். எதற்கு அடுக்குகிறாய் என்று கேட்டாள். மருந்து என்றார். இத்தனை பழத்தையும் தெருவுக்குக் கொடுக்காமலா வைத்திருந்தாய் என்று கேட்டாள்.

"உனக்குக் கூறு இருக்காடா? நான் முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்டவ. எனக்கு ஒருத்திக்காகவா இவ்வளவையும் அழுக விட்ட? எடுறா அந்த வலைய."

வலை எடுக்கப்பட்டது. பழங்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, ஆள் நடக்கிற உயரத்தில், ஆள் நடக்கிற வேகத்தில் போயின. திட்டினவர்கள் எட்டிப் பிடித்துக் கடித்தார்கள். கடித்த வாய் அதன்பிறகு திட்டவில்லை. கையில் பாத்திரத்தோடு வாசலில் வரிசை நின்றது. மளிகைக் கடைக்காரர் மட்டும் ஒரு கூடையைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. எடையில்லாத பொருளுக்கு என்னவென்று விலை சொல்வது? கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்துத் தீர்த்தார். அந்த மனிதர் எதையும் சும்மா கொடுத்ததை ஊர் பார்த்தது அன்றுதான்.

இரண்டாம் நாள் விதையை வடிகட்டும்போது அக்காவின் கை கொஞ்சம் நின்றது. "அவருக்கு விதையோடதான் வேணும்" என்றாள். "பல்லுல மாட்டிக்கிட்டு நாள் முழுக்கக் குச்சியால நோண்டிட்டு வண்டி ஓட்டுவாரு. துப்பத் தெரியாத மனுஷன்." பிறகு அழுதாள். குரல் எடுத்து, ஒப்பாரி மாதிரி இல்லாமல், அடிபட்ட குழந்தை அழுகிற மாதிரி அழுதாள். ஆசிரியை அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். கரண்டி மட்டும் நிற்கவில்லை. ஜாம் அடி பிடிக்கக் கூடாது அல்லவா?

அன்று மாலை முள் முந்நூற்று ஐம்பதில் நின்றது. மறுநாள் இருநூற்று முப்பது. ஒரு நாளில் நூற்று இருபது கிலோ குறைவது எந்த விதியிலும் இல்லை என்பது முத்திரைக்குத் தெரியும். தராசு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார். கடைகளில் செய்வதுபோலவே, பழுது என்று எழுதிய சிவப்பு அட்டையை அதில் கட்டி, கையெழுத்தும் போட்டார். இனி எடை தெரியவும் வழியில்லை, எந்த நிமிஷம் தரை விடும் என்று சொல்லவும் முடியாது.

நாலாம் நாள் கடைசி ஈடு. ஆசிரியை வாசலில் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். முத்திரை கொல்லையில் ஏணி போட்டு, உச்சிக்கிளையில் ஒதுங்கி நின்ற நான்கு பழங்களைக் கூடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கூடையோடு கூடத்துக்குள் வந்தவரின் கண் பழக்க தோஷத்தில் முள்ளின் மேல் போயிற்று. முள் ஏழில் நின்றது. ஏழு கிலோ. அந்த நாற்காலியை வாங்கிய அன்றே அவர் நிறுத்திருக்கிறார். அதன் எடை ஏழு.

கூடை கையிலிருந்து நழுவியது, ஆனால் விழவில்லை. முத்திரை நாற்காலியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், தரை முழுசாகத்தான் இருந்தது. அண்டா அடுப்பிலிருந்து இறங்கிக் கீழே இருந்தது. சமையலறைக்குள்ளிருந்து பாத்திரம் உருட்டும் சத்தம் வந்தது.

"ஏன்டா, கரித்துணிய எங்கதான் வெச்சித் தொலைச்சிருக்கா உன் பொண்டாட்டி? கொஞ்சம் விட்டிருந்தா தீஞ்சிருக்கும், ஒருத்தர் வந்து பார்க்கல."

வாசலிலிருந்து ஓடிவந்த ஆசிரியை வாயைத் திறக்கப் போனாள். முத்திரை உதட்டில் விரலை வைத்தார். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் போய்க் கரித்துணியைத் தேடிக் கொடுத்தார்கள். பிறகு முத்திரை குனிந்து தராசிலிருந்த சிவப்பு அட்டையை அவிழ்த்தார். தன் உத்தியோகத்தில் தவறாகக் கட்டிய ஒரே அட்டை அதுதான் என்பார்.

அந்த வாரமே அக்கா விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் இல்லாத ஏழு மாதத்தில் இருபது பேர் விடுதியை விட்டே ஓடியிருந்தார்கள், அவர்களும் திரும்பி வந்தார்கள். கொத்தனார் வந்து தொட்டிப் பலகையை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். கூலிக்கு மேல் ஆறு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. மரங்கள் இரண்டும் இன்னும் அப்படியேதான் காய்க்கின்றன. பருவம் வந்தால் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், உள்ளே வருகிற பழம் அந்த வீட்டுக்கு. மளிகைக் கடைக்காரர் அந்த மாதம் மட்டும் கொய்யாப்பழம் வாங்கி விற்பதில்லை. அக்கா நாலு நாள் லீவு போட்டுவிட்டு அண்டாவோடு வந்து, அதே கூடத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து நறுக்குகிறாள். முத்திரைக்குத் தலை நரைத்துவிட்டது, புத்தி மட்டும் போகவில்லை. அவள் வருவதற்கு முன்பே நாற்காலிக்கு அடியில் தராசைத் தள்ளி வைத்துவிடுகிறார். "ஆரம்பிச்சிட்டான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே ஏறி உட்காருகிறாள். முள் ஆடி நிற்கிறது. வருடா வருடம் ஐம்பத்திரண்டு. நாற்காலி ஏழு, விடுதித் தராசில் நிறுத்தால் அக்கா நாற்பத்தொன்று. மீதி நான்கு கிலோ என்னவென்று அவர் கேட்பதில்லை. அதைத் தரை தாங்கும்.