வெள்ளை படியாத கெட்டில்

ராய்டன் நிட்ஷ்கே முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு, தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை விரட்டும் என்று விளம்பரத்தில் பார்த்து, இரண்டு காந்தங்களை வாங்கி வந்து வீட்டுக் குழாயில் கட்டினார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? இப்போதெல்லாம் இதை யாரும் அவரிடம் சொல்லிக்காட்ட முடியாது. அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

அவர் மேல் முழுக் குற்றமும் இல்லை. ஊர்த் தண்ணீர் அப்படி. துவைத்த துண்டை மடித்தால் முறியும். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு, மீதித் தண்ணீர் காதுக்குள் பீய்ச்சும். ஒன்பது வருடத்தில் மூன்று வெந்நீர்த் தொட்டிகள் செத்துப்போயின. மழைநீர்த் தொட்டியும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட, டீக்கும் குழாய்த் தண்ணீர்தான் என்றாகிவிட்டது. இதெல்லாம் போகட்டும். அவர் மனைவி கோரலியின் கைகள் முழங்கை வரை வெடித்துப் போயிருந்தன. பாலராட் நகரத்தில் சுண்ணாம்பில்லாத தண்ணீர்; அங்கே மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தால் போதும், தோல் ஆறிவிடும். திரும்பி வந்தால் பழைய கதைதான்.

"வீட்ட வித்துட்டு அங்கேயே போயிடலாம் ராய்," என்றாள் கோரலி மே மாதத்தில்.

ராய்டனுக்கு ஊரை விட மனசில்லை. இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் "வாங்க சார்" என்று ஒரு பழைய மாணவன் நிற்பான். பாலராட்டில் அவர் யாரோ ஒரு கிழவன்.

"காந்தம் கட்டியிருக்கேன்ல, கொஞ்சம் பொறு கோரி. தண்ணி சரியாயிடும்."

மறுநாள் கோரலி புதிதாக ஒரு கண்ணாடிக் கெட்டிலை வாங்கி வந்து அடுப்படியில் வைத்தாள். "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டைம். இதுல வெள்ளை படிஞ்சா வீட்ட விக்கிறோம். படியலன்னா நான் வாயே திறக்கல."

ஐந்தாவது நாளே கெட்டிலின் அடியில் வெள்ளை தெரிந்தது. காந்தத்துக்குக் கொஞ்சம் பழக வேண்டாமா என்று ராய்டன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை காலை கோரலி நடைக்குப் போனதும் கெட்டிலில் வினிகரை ஊற்றிக் கொதிக்கவைத்துக் கழுவினார். அடுத்த திங்கட்கிழமையும் கழுவினார். பரீட்சையில் பிட் அடித்த பிள்ளைகளை வெளியே நிறுத்திய மனுஷன், ஜன்னல் வழியே பெண்டாட்டி வருகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு பிட் அடித்தார்.

ஜூலையில் ஒருநாள் கோரலி ஜன்னலோரம் உட்கார்ந்து கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் முனகவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. ச்சீ, நீயெல்லாம் ஒரு ஆளா என்று தன்னையே திட்டிக்கொண்டார். மிச்சமிருந்த வினிகரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, தோற்றால் தோற்கட்டும், பாலராட் போய்விடலாம் என்று முடிவு செய்தார்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டாயிற்று, மூன்றாயிற்று. கெட்டில் பளபளவென்று இருந்தது!

ராய்டன் குழாயடியில் மண்டியிட்டுக் காந்தத்தைத் தடவிக் கொடுத்தார். பழகிவிட்டது! கொல்லை எலுமிச்சை மரம் திடீரென்று ஒரு பழமும் இல்லாமல் மொட்டையாக நிற்பதை அன்றைக்குப் பார்த்தார். காக்கட்டூக் கிளிகளின் வேலை என்று அவற்றைத் திட்டிவிட்டு உள்ளே வந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். வெள்ளிக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் போல்ஸ் கிளப்பில் ஊரே ஷ்னிட்ஸல் கறி வறுவல் சாப்பிடும் நேரத்தில் எழுந்து நின்று, காந்தத்தைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பதினோரு வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று பெயர் கொடுத்தார்கள். குழாய் வேலை செய்யும் ஜாரட், அவருடைய மாணவன், தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. சுண்ணாம்பு இருந்தா நுரைக்காதுன்னு நீங்க சொல்லிக் கொடுத்த சோப்பு டெஸ்ட்ட ஒரு தடவ பண்ணிப் பாத்துரலாமா?"

"தாராளமா! அடுத்த வாரமே வச்சுக்கோ. என் வீட்டுத் தண்ணி, கிளப் தண்ணி, ரெண்டும் வேணும். ஒப்பிட்டுப் பாக்க மழைத் தண்ணியும் ஒரு பாட்டில் கொண்டா. அது இல்லாம சோதனையே கிடையாது." மூன்றாவது பாட்டிலைக் கேட்டது அவரேதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பாட்டிலிலும் சோப்புக் கரைசலைச் சொட்டி, மூடிக் குலுக்கினான் ஜாரட். மழைத் தண்ணீரில் கழுத்து வரை நுரை. கிளப் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி அழுக்கு. ராய்டன் வீட்டுத் தண்ணீரிலும் அதே அழுக்கு, அச்சு அசலாக.

"நுரை பொய் சொல்லாதுன்னு சொல்வீங்களே சார்," என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். கிளப் குலுங்கியது.

"நுரைய விடுங்கப்பா! என் வீட்டுக் கெட்டில்ல வந்து பாருங்க, ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. அது எப்படி?" என்று கத்தியபடி ராய்டன் மனைவியைப் பார்த்தார். கோரலி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் பரீட்சை ஹாலில் சுற்றியவருக்கு அந்த முகத்தைத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "எலுமிச்சம்பழமா?"

"ம். மொத ரெண்டு மாசம் டீ, வினிகர்ல ஊறின வெங்காயம் மாதிரி நாறுச்சு, நீ வினிகர் ஊத்துறன்னு தெரியும். என்னதான் பண்றன்னு பாப்போம்னு விட்டேன். ஒரு நாள் நாத்தம் நின்னுபோச்சு, கெட்டில்ல வெள்ளை வந்துச்சு. நீ எனக்காகத் தோக்கத் துணிஞ்சுட்டேன்னு புரிஞ்சுது. அப்புறம் மனசு கேக்கல, நானே தேய்ச்சேன். நீ அத நம்பிட்டு கிளப்புல போய் ஆடுவேன்னு யார் கண்டா?"

"உன் கை என்னாகுறது, கோரி? வெடிச்ச கையில எலுமிச்சையா?"

"எரிஞ்சுது. ஆறிடும். கை அரிச்சா சொறிஞ்சுக்கலாம். பாலராட்ல நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நான் எங்க போய்ச் சொறிய?"

ராய்டன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழாயிலிருந்து காந்தங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். கோரலி வாங்கி வந்து, அவர் மே மாதத்திலிருந்து மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்த, வீடு விற்கும் தரகரின் அட்டையைத் தேடி எடுத்தார். அதை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து, மேலே ஒரு காந்தத்தை ஒட்டினார்.

கோரலி அருகே வந்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்லாத்தான் பிடிக்குது," என்றாள்.

"வாங்குனதிலேருந்து அது செஞ்ச மொத வேலை," என்றார் ராய்டன்.