எழுநூறு மில்லி

மலர்வளையத்தை உடலின் மேல் வைப்பதா, பக்கத்தில் உயிர்ப்பவளங்கள் வளரும் கண்ணாடித் தொட்டியின் மேல் சாய்ப்பதா என்று பவளத்தொட்டி வளர்ப்போர் சங்கத் தலைவர் சற்று நேரம் தடுமாறினார். கடைசியில் உடலின் காலடியில் வைத்து, சங்கத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி ரிப்பனை இழுத்து நேராக்கினார். ரிப்பன் பூவைவிட அகலம். சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர், இனி பத்து.

அவர் தொண்டையைச் செருமியதுமே இறந்தவரின் மகள் தன் அம்மாவின் காதருகே குனிந்தாள். "ஆரம்பிச்சுட்டாரும்மா."

"நம்ம ஜீரோ சார்..." என்றார் தலைவர்.

தூரத்து உறவினர் இருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அது வசவல்ல, பட்டம். அந்த அம்மாவின் கணவர் பவளங்களுக்காக வடிகட்டிய தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை விட்டால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். மற்ற உறுப்பினர்களுக்கு மூன்று, நான்கு. தலைவர் வீட்டில் ஒன்பது. அதை அவர் வெளியே சொல்வதில்லை.

"ஒரு காலத்துல நாமெல்லாம் குழாய்த் தண்ணியில மருந்தக் கலந்து ஊத்திக்கிட்டு இருந்தோம். சார்தான் மொதல்ல ஆர்.ஓ. மெஷின் வாங்கினாரு. அப்புறம் மிச்ச உப்பையும் பிடிக்கிற, தேஞ்சு போனா நிறம் மாறுற குருணை போட்டாரு. இப்ப இந்தப் புது மெஷின். பழசுல ஒரு லிட்டர் எடுக்க நாலு லிட்டர் வீணாப் போகும். இதுல ஒண்ணே ஒண்ணுதான். எவ்வளவு பெரிய முன்னேற்றம்!"

அந்த வீணாய்ப்போன நாலு லிட்டரில்தான் அவள் பத்து வருடம் துணி துவைத்தாள், வீடு துடைத்தாள். முன்னேற்றத்தின் வரலாற்றில் அவள் துவைத்த துணிக்கு இடமில்லை.

"இந்த வீட்ல தண்ணிக்குக் கிடைச்ச மரியாதை எங்கயும் கிடைக்காது," என்று தலைவர் முத்தாய்ப்பு வைத்தார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

கணவருக்கு மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் குடிக்கலாம், காபியும் கணக்கில் சேர்த்தி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார் கணவர். "நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா திருடிருவேன்." மெஷின் முன்னால் வறண்ட நாக்கோடு உட்கார்ந்து பவளங்களுக்கு இருபது லிட்டர் பிடிப்பார். ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை.

நேற்று மத்தியானம் கேட்டார். "ஒரே ஒரு வாய்."

"காலையிலயே நெறைய குடிச்சாச்சு. இனி நாலு மணிக்குத்தான்."

"கறார் ஆபீசர்," என்று சிரித்து, திரும்பிப் படுத்தார்.

மூன்றே காலுக்கு அவள் போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது.

"டாக்டர் சொன்னதத்தானம்மா செஞ்ச," என்று மகள் நேற்றிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்டினாள்.

தொட்டிக்கு அடியிலிருந்து பீப் பீப் என்று சத்தம் கிளம்பியது. உறவினர்கள் தங்கள் செல்போன்களைத் தடவினார்கள்.

"டாப்-அப் டப்பா காலி," என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "தொட்டியில தண்ணி ஆவியாகும் மேடம், உப்பு ஆவியாகாது. குறையுற தண்ணிய இந்த டப்பாதான் அப்பப்போ ஈடுகட்டும். இப்படியே விட்டா உப்பு ஏறிரும். அப்புறம் ஒண்ணொண்ணா..." எதிரே கிடத்தியிருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உப்பு ஏறுனா அதுங்களுக்குத் தாகம் எடுக்குமா?"

எதற்கும் பதில் வைத்திருப்பவர் அவர். "அத... அறிவியல்பூர்வமா சொல்ல முடியாது மேடம்," என்றார்.

சொன்ன கையோடு மெஷினிடம் போனார். ஒரு பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்தது, தண்ணீர் வரவில்லை. இன்னொன்றை அமுக்கினார். எரிந்த விளக்கும் அணைந்தது.

"நகருங்க," என்று அவள் எழுந்து வந்தாள். "மொதல்ல இந்த வால்வத் தொறக்கணும். நேத்துலருந்து சும்மா நின்ன மெஷின். மொத ரெண்டு நிமிஷம் வர்றது சரியா இருக்காது, கீழ விட்டுரணும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள்.

"இத்தனை வருஷம் இதே வீட்லதான இருந்தேன்."

கேன் மெல்ல நிறைந்தது. தலைவர் தன் பையிலிருந்து மீட்டரை எடுத்து நனைத்துப் பார்த்தார். பூஜ்யம். திரும்பப் பைக்குள் வைத்தார்.

வாசலில் வண்டிக்காரர் தலை நீட்டினார். "எடுத்துரலாங்களா?"

"கொஞ்சம் இருங்கப்பா."

அவள் மண்டியிட்டு டப்பாவில் ஊற்றினாள். பீப் சத்தம் நின்றது. உள்ளே சின்ன மோட்டார் உயிர்பெற்று மடக், மடக் என்று இழுத்தது. உடலைத் தூக்க வந்த நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"போதும் மேடம், அளவுக் கோட்டைத் தாண்டிருச்சு," என்றார் தலைவர்.

அவள் கேனை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.